ஒன்பதாவது துளை

மனிதர்களைப் படம் எடுப்பதை 2006-இல் விட்டுவிட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அந்த வருஷம்தான் எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்திருந்தான். முதல் வேலையாக எங்கள் பங்குக் கோவிலில், பிள்ளைகளுக்கு முதன்முதலாக நற்கருணை கொடுக்கும் புதுநன்மை விழாவை எடுத்தேன். நாற்பத்தெட்டுப் படம். பத்தொன்பதில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருந்தார். ஏழில் யாரோ குறுக்கே போனார். நான்கில் பங்குத்தந்தைக்குத் தலை இல்லை. அது என் தப்பு. மீதிப் பதினெட்டைப் பிரிண்ட் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என்ன சார், என்னைப் போயி இப்படிக் கறுப்பாக்கிட்டீங்க" என்று ஆறு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு இயந்திரங்களுக்கு மாறினேன். இயந்திரம் கண் சிமிட்டாது, குறுக்கே போகாது, நிறத்தைப் பற்றி யாரிடமும் முறையிடாது. தவிர, எனக்கு அவற்றோடு பழக்கம் உண்டு. முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். போல்ட்டையும் நட்டையும் பேரிங்கையும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, எண்ணி அடுக்கிய ஆள். 2003-இல் ஓய்வு பெற்று கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் வந்து உட்கார்ந்தபோது எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போனது. மாடிப்படி பதினேழு. கொடிக்கயிற்றில் கிளிப் முப்பத்திரண்டு. "கிளிப்பை எண்ணினது போதும், துணியை எடுத்துக்கிட்டுக் கீழ வாங்க" என்பாள் என் மனைவி.

முதலில் அகப்பட்டது முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் இருந்த கம்ப்ரசர். என் உயரம் இருக்கும். கறுப்பு உடம்பு, பச்சைச் சக்கரம், சக்கரத்தில் ஆறு ஆரக்கால். வாசலிலிருந்த மேஸ்திரி என்னை உள்ளே விடவில்லை.

"எந்த ஆபீஸு சார்?"

"ஆபீஸ் இல்லப்பா. சும்மா படம் எடுக்கணும்."

"சும்மாவா?" என்று அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதிகாரியாக இருந்திருந்தால்கூட அவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டார். முதலாளிக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் மீன்கூடைகளுக்கு நடுவில் நின்றேன். கடைசியில் முதலாளி சொன்னாராம்: "சும்மா எடுக்கறவருன்னா எடுத்துட்டுப் போகட்டும். ஒரு டீயக் குடுத்து அனுப்பு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மங்கலம்பேட்டையில் கடலை ஆட்டும் மில், சேத்தியாத்தோப்பில் நெல் மில், நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு மரம் அறுக்கும் பட்டறை என்று பஸ் ஏறிப் போய் எடுத்தேன். எல்லாவற்றிலும் என் மனம் தங்கியது காற்றடிக்கும் கம்ப்ரசர்களில். அவற்றின் சிலிண்டரைச் சுற்றிச் சீப்புப் பற்களைப் போல வரிவரியாக இரும்பு விளிம்புகள் இருக்கும்; சூடு ஆறுவதற்காக. இரண்டு கம்ப்ரசர்களுக்கு ஒரே எண்ணிக்கையில் விளிம்பு இருந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டில் ஊர், தேதி, விளிம்பு, போல்ட், பெயர்ப் பலகை உண்டா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வந்தேன். 2007 முடிவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள் சேர்ந்தன. அதில் கம்ப்ரசர் நாற்பத்தொன்று.

ஒரே தொந்தரவு, கேமராவைத் தூக்கினால் கடைக்காரர் தலையைச் சீவிக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார். "நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றால் முகம் வாடிவிடும். அதனால் முதலில் அவரை ஒன்று, பிறகு இயந்திரத்தை மூன்று என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். விட்டுவிட்டதாகச் சொன்ன மனிதப் படங்கள் இப்படியே நூற்றுக்கு மேல் சேர்ந்தன. அவற்றை நோட்டில் எழுதவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சாலையில் இருந்த பஞ்சர் கடைக்கு நான் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அங்கே இருந்தது என் கணக்கில் பதினெட்டாவது கம்ப்ரசர். இரண்டு சிலிண்டர், கைகளை விரித்த மாதிரி இரு பக்கமும் சாய்ந்து நிற்கும். மூடிப்போன எந்த மில்லிலிருந்தோ கடைக்காரர் வாங்கிய பழைய சாமான். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளை மட்டும் மிச்சம். எண்ணிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"ஒரு சிலிண்டர்ல விளிம்பு பதிமூணு இருக்கு. இன்னொண்ணுல பன்னெண்டுதான். ஒண்ணு உடைஞ்சிருக்கு."

அவர் கைவேலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "பதினாலு வருஷமா வெச்சு ஓட்டறேன் சார். எனக்கே தெரியாது. நீங்க வந்து பத்து நிமிஷம் ஆகல." உடனே வீட்டுக்குள் குரல் கொடுத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. "இங்க வாடி, நம்ம மிஷினுக்கு ஒரு பல்லு விழுந்திருக்காம்!"

அன்றிலிருந்து சிதம்பரம் போனால் அந்தக் கடையில் அரைமணியாவது உட்காராமல் வந்ததில்லை. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சேத்தியாத்தோப்பில் லேத் பட்டறை வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு அந்தக் கம்ப்ரசரைக் கண்டாலே ஆகாது.

"மாமா, இந்தக் கெழவியைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு புதுசு வாங்கு. அது இருமற சத்தம் புவனகிரி வரைக்கும் கேக்குது."

"நீ வாங்கச் சொல்ற புதுசு சைக்கிளுக்குத்தான்டா காத்து அடிக்கும். வேனு சக்கரத்துல வெச்சா அதுக்கே மூச்சு வாங்கும்."

"சார் வேற வந்து போட்டோ எடுத்து ஏத்தி விட்டுட்டாரு. இனிமே எங்க மாத்தப் போறே!"

2007 டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். குரல் சரியில்லை. கம்ப்ரசரில் ஒரு சிலிண்டரின் தலைப்பக்கம் வால்வு தகடு என்று ஒன்று இருக்கும். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதன் வழியாகத்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். அது மூன்று துண்டாகப் பிளந்துவிட்டது. அந்தத் தகடு இல்லாமல் கம்ப்ரசர் வெறும் இரும்பு.

"சார், நீங்க இது மாதிரி நாப்பது பாத்திருக்கீங்களே. எங்கியாவது இதே மிஷினு இருக்கா?"

நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தொன்றில் அதே மாதிரி வேறொன்று இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வேன்கள் பதினொன்றுக்கும் அவர் கடையில்தான் காற்று பிடிப்பார்கள், பஞ்சர் பார்ப்பார்கள். அவர் கடையின் முக்கால்வாசி வேலை அதுதான். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. வேன்களுக்குப் பொறுப்பாளராக இருந்த மானேஜர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் எல்லா வண்டியும் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்க்கடைக்கு மாற்றிவிடுவோம், பிறகு திரும்ப வர மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதிர்க்கடைக்காரர் அன்றைக்கே தன் கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாராம்.

பத்து நாள்தான் இருந்தது, நடுவில் கிறிஸ்துமஸ். ஸ்டோர் கீப்பராக இருந்தபோது கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்காரரிடம் உதிரிபாகங்கள் செய்து வாங்குவோம். படமும் அளவும் கொடுத்தால் எதையும் செய்துவிடுவார். அவருக்குப் போன் போட்டேன். குரலைக் கேட்டதுமே, "ஸ்டோர் சாருங்களா?" என்றார். பார்சலில் தகட்டை அனுப்பினால் பண்டிகை நெரிசலில் எப்போது வந்து சேருமோ தெரியாது, போட்டோ எடுத்து அளவு குறித்து ஈமெயிலில் போடுங்க, என் மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான் என்றார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிப் பூசையை முடித்துவிட்டு, கேமராவையும், மயிரிழை கனத்தையும் அளக்கும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பேட்டரி நான்கு எடுத்தேனா என்று மூன்று தடவை பார்த்தேன்.

கடைக்காரர் தகட்டைத் தயாராக வைத்திருந்தார். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மூன்று துண்டையும் ஒன்றுசேர்த்து, உடைசல் தெரியாதபடி ஒரு கறுப்பு அட்டைமேல் ஒட்டவைத்த மாதிரிப் பொருத்தியிருந்தார். நான் அளக்க ஆரம்பித்தேன். நீளம், அகலம், கனம். ஓரமாக போல்ட் போகும் துளை ஆறு. உள்பக்கம் காற்று போகும் துளை இரண்டு. ஆக எட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து, கட்டம் போட்டு எழுதி, கீழே "மொத்தத் துளைகள்: எட்டு" என்று அடிக்கோடு போட்டேன்.

கேமராவை எடுத்ததும் கடைக்காரரின் மனைவி, "சார், ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். குங்குமச் சிமிழோடு வந்தார்.

"வெறும் தகடா எப்படி சார் எடுக்கறது? வெளியூருக்குப் போற படம். நல்லபடியா செஞ்சு வரணும்ல?"

எனக்கு இது புதிதில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற என் மேஜைமேல் இருந்த தராசுக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் போவார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. அந்த அம்மாள் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, தகட்டின் சரி நடுவில், இரண்டு காற்றுத் துளைகளுக்கும் இடையே, ஒரே அழுத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"எங்க வூட்டம்மா பொட்டு வெச்சா காம்பஸ்ல வரைஞ்ச மாதிரி இருக்கும் சார்" என்றார் கடைக்காரர் பெருமையாக.

உண்மைதான். படத்தைச் சின்னத் திரையில் பார்த்தேன். சாம்பல் நிற இரும்பு, கறுப்பு அட்டை, நடுவில் சிவப்பு வட்டம். நான் எடுத்த படங்களிலேயே இதுதான் அழகு என்று தோன்றியது. பொட்டைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுக்கலாமா என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் அந்தச் சிவப்பை அழிக்க மனம் வந்திருக்காது. கீழவீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படத்தையும், அளவுகளைத் தட்டச்சு செய்த கடிதத்தையும் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கோயம்புத்தூருக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்கு வழக்கம்போலக் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போனேன். நடுவில் அது அணைந்துதான் இருக்கிறதா என்று இரண்டு தடவை சட்டைப் பையில் தடவிப் பார்த்தேன். பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வீடுகள் ஐந்துக்குப் போய்க் கேக்கு சாப்பிட்டோம். கைப்பேசியைத் திரும்பப் போட வேண்டும் என்பது இரவு படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை பஸ் பார்சலில் தகடு வந்து சேர்ந்தது. பிரிக்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். மச்சானும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னதாகவே ஆஜராகியிருந்தார். மெழுகுக் காகிதத்தைப் பிரித்தால் தகடு கண்ணாடியாக மின்னுகிறது. ஓரத்தில் ஒரு பிசிர் இல்லை. கடைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாங்கி எண்ணினேன்.

ஒன்பது.

மறுபடி எண்ணினேன். ஓரத்தில் ஆறு. உள்ளே இரண்டு. நடுவில் ஒன்று. நடுவில் என்ன ஒன்று? உள்ளே இழுக்கிற காற்றும் வெளியே தள்ளுகிற காற்றும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாத இடம் அது. அங்கே துளை இருந்தால் கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடினாலும் டேங்கில் காற்று ஏறாது.

மச்சான் பழைய தகட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. புதிய தகட்டில், அதே இடத்தில், அதே அளவில், துளை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா! நீ வெச்ச பொட்டுக்கு கோயம்புத்தூர்காரன் ஓட்டை போட்டுட்டான்க்கா!"

நான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.

"போட்டோவுல ஒம்பது தெளிவாத் தெரியுதுங்களே" என்றார் அவர்.

"அது குங்குமம்யா. சிவப்பா இருக்குமே!"

"எங்கூட்டு பிரிண்டர்ல கறுப்பு மட்டுந்தானுங்க வரும். எல்லாம் கறுப்பு வட்டமாத்தான் இருந்துச்சு."

"நான்தான் கடிதத்துல மொத்தம் எட்டுன்னு அடிக்கோடு போட்டிருந்தேனே!"

"பாத்தனுங்க. பாத்துட்டு, சாருக்கு வயசாயிருச்சு, எண்ணறதுல ஒண்ணு விட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. கேக்கலாம்னு பண்டிகை அன்னிக்குக் காலைல மூணு வாட்டி போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. சரின்னு படத்துலயே அளவெடுத்து, பத்தரை மில்லிமீட்டர் வந்துச்சுங்க, போட்டுட்டேன்."

முப்பத்தொரு வருஷத்தில் என் கையிருப்பில் ஒரு வாஷர் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வேறொன்று செய்து அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டேன். ஐந்து நாள். எங்களிடம் இருந்தது ஒன்றரை நாள்.

அந்த அம்மாள் கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "என் கையாலதான் இப்படி ஆவணுமா" என்றார். "இல்லம்மா, துடைச்சுட்டு எடுக்காதது நான்" என்றேன். "பிரிண்டருக்குக் கலரு வாங்காதது அவன்" என்றார் மச்சான், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. அவருடையது சிரித்த கண்ணீர். பிறகு தகட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தார்.

"அழாதக்கா. ஓட்டை போடறதுதான் கஷ்டம். அடைக்கறது என் வேலை. மாமா, கிளம்பு. சார், நீங்களும் வாங்க. நீங்க வரலைன்னா இன்னும் எத்தனை ஓட்டை இருக்குதுன்னு எனக்கு யாரு எண்ணிச் சொல்லுவா?"

மூன்று பேரும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினோம். அவருடைய பட்டறை ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். எனக்கு ஒரே கவலை, பற்றவைத்து அடைத்தால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும். "வெல்டிங் வேண்டாம், வெல்டிங் வேண்டாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழாவது தடவை சொன்னபோது அவர், "சார், நான் பொறந்ததே லேத்துக்கு அடியில" என்றார்.

துளையைச் சற்றுப் பெரிதாக்கினார். உள்ளே மரை வெட்டினார். அதற்குச் சரியாக ஒரு போல்ட்டுத் துண்டைக் கடைந்து, இறுக்கித் திருகி, இரண்டு பக்கமும் மிச்சத்தை அறுத்தார். பிறகு அரத்தால் ராவ ஆரம்பித்தார். தடவிப் பார்த்தால் மேடு தெரியக் கூடாது, பள்ளமும் விழக் கூடாது. கடைசியில் தடித்த கண்ணாடிமேல் அரைக்கும் பசையைப் பூசி, தகட்டை அதில் எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தார். அவர் நிறுத்தும்போதெல்லாம் நான் வெர்னியரை வைத்து எட்டு இடத்தில் கனம் அளந்தேன்.

"சார், நீங்க அளந்தே தேச்சுடுவீங்க போலிருக்கே."

"இந்த மூலையில ஒரு மயிரிழை ஜாஸ்தி இருக்கு."

"எந்த மூலை?"

"இது."

அவர் அந்த மூலையை அழுத்தி இன்னும் இருபது சுற்று தேய்த்தார். மறுபடி அளந்தேன். எட்டு இடத்திலும் ஒரே அளவு. அவர் கையை நீட்ட, நான் தகட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

ஒன்றாம் தேதி. புத்தாண்டுப் பூசை முடிந்ததும் பஸ் ஏறக் கிளம்பினேன். "பண்டிகை நாளும் அதுவுமா அந்தக் கடையிலதான் போய் நிக்கணுமா?" என்றாள் மனைவி. நடந்ததையெல்லாம் நான் முந்தின நாள் இரவே சொல்லியிருந்தேன். அவளே ஒரு டிபன் கேரியரில் கேக்கும் முறுக்கும் வைத்துக் கொடுத்து, "அந்தப் பொண்ணு கிட்ட வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நல்லவேளை அது பொட்டு. நாமா இருந்து சிலுவை போட்டிருந்தா அந்தாளு தகட்டை நாலா அறுத்துல்ல அனுப்பியிருப்பாரு" என்றாள்.

நான் போனபோது தகட்டைப் பூட்டி முடித்திருந்தார்கள். ஆறு போல்ட்டையும் நான் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். மணி பதினொன்றேகால். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். கம்ப்ரசர் இருமியது, திணறியது, பிறகு பழைய தாளத்துக்கு வந்தது. டேங்க் மேலிருந்த மீட்டரின் முள் நகர்ந்தது. இருபது. நாற்பது. ஐம்பது. அங்கே நின்றுவிட்டது.

நான் மனதுக்குள் எண்ணினேன். தொண்ணூறு எண்ணியும் முள் அசையவில்லை. கடைக்காரர் உள்ளங்கையைத் தலைப்பக்கம் சுற்றிலும் காட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க காத்து வருது மச்சான்" என்றார். அணைத்தார்கள். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகச் சமமாக இறுக்கினார்கள். மறுபடி சுவிட்ச். நாற்பது. ஐம்பது. அறுபது. நூறைத் தாண்டியதும் மச்சான் கம்ப்ரசரின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "கெழவி கெழவிதான்" என்றார்.

மூன்று மணிக்கு வேன்கள் வர ஆரம்பித்தன. மானேஜர் ஒரு நீளமான நோட்டோடு வந்து நின்றார். ஏழு வேனுக்கு நான்கு சக்கரம், நான்கு வேனுக்கு ஆறு, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சக்கரம் ஒன்று. மொத்தம் அறுபத்து மூன்று என்று சொன்னேன். "அறுபத்து மூவரா! அப்ப ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது சார்" என்றார் கடைக்காரர். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. காற்றுக் குழாயை அவர் பிடித்தார், மூடிகளை மச்சான் கழற்றினார், மீட்டர் வைத்துப் பார்ப்பதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாள் டிரைவர்களுக்கு முறுக்கு கொடுத்தார். கேக்கை ஒருவர் இரண்டு துண்டு எடுத்தார்; பார்த்தேன், சொல்லவில்லை.

ஐந்தரைக்குப் பத்து வேன் முடிந்தது. பதினோராவது வரவில்லை. மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தன் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். கடைக்காரர் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டு குழாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

தெருக்கோடியில் மஞ்சள் நிறம் தெரிந்தது. வேன் ஆமை மாதிரி நகர்ந்து வந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்சக்கரத்தில் துளிக் காற்று இல்லை. வந்து நின்றது சரியாக எதிர்க்கடைக்கு முன்னால். அதற்குமேல் ஓட்டினால் டயர் கிழிந்துவிடும் என்று டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"இங்கயே விடுப்பா" என்றார் எதிர்க்கடைக்காரர். "ரெண்டு நிமிஷ வேலை. எதுக்கு ரோட்டைத் தாண்டிக்கிட்டு?"

டிரைவர் இறங்கி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மானேஜர் நோட்டை மூடாமல் பேனாவோடு நின்றார். கடைக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார். பாதித் தெருவோடு குழாய் தீர்ந்துவிட்டது.

"என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று மச்சான் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "ஏறி ஸ்டியரிங்கப் புடி! சார், வாங்க!"

அறுபத்திரண்டு வயதில் நான் ஒரு வேனைத் தள்ளினேன். மச்சான் ஒரு மூலை, கடைக்காரர் ஒரு மூலை, நடுவில் நான், எனக்குப் பக்கத்தில் வேறு இரண்டு டிரைவர்கள். ஐந்து பேர். புதுச்சேரி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே காத்து நின்றது. பாதித் தெருவில் பாரம் திடீரென்று குறைந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் எதிர்க்கடைக்காரரும் வந்து தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு நிக்குதுல்ல, அதான்" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே.

சக்கரத்தில் ஓர் ஆணி இருந்தது. கடைக்காரர் அதைப் பிடுங்கி, ஒட்டுப்போட்டு, காற்றடித்தார். நான் மீட்டரை வைத்தேன். சரியாக இருந்தது. இன்னொரு தடவை வைத்தேன். "போதும் சார், சக்கரத்துக்கே கூச்சமாயிடும்" என்றார் மச்சான். மானேஜர் நோட்டில் பதினோராவது வரியில் டிக் அடித்தார். அடிக்கும்வரை நான் அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த ஒண்ணாம் தேதி வர்றோம்" என்று சொல்லிவிட்டு அவர் முன் வேனில் ஏறிக்கொண்டார். பதினொரு வேனும் வரிசையாகத் திரும்பிப் போயின. கடைக்காரர் கடைசி வேன் திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய், காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை அணைத்தார். தெரு திடீரென்று அமைதியானது. எதிர்க்கடைக்காரர் எங்கள் பக்கமே நின்றுகொண்டு, கேரியரில் முறுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மூன்று இருந்தது.